வாங்காமல் போனவர்கள்

எனக்கு முதுகுவலி. அதனால் ஊருக்கே முதுகுவலி என்று முடிவுகட்டி மெத்தைக் கடை திறந்தேன். பலகை மாதிரி கெட்டியான மெத்தை மட்டும்தான் போடுவேன், மற்றதெல்லாம் உடம்புக்குக் கேடு என்பது என் கட்சி. சித்தப்பா படுத்துப் பார்த்து "அடடா!" என்றார். அண்ணி "பிரமாதம்" என்றார். மச்சான் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். சொந்தபந்தம் இத்தனை பேர் சொன்ன பிறகு வேறு யாரைப் போய்க் கேட்பது? பதினான்கே மாதத்தில் வியாபாரம் படுத்துவிட்டது.

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. எதிரே திறந்த பெரிய கடை, ஓயாத மழை, ரசனை கெட்ட ஜனங்கள். ஆளுக்குத் தகுந்தபடி ஒன்றை எடுத்துவிடுவேன்.

கடையைக் காலி செய்ய இன்னும் நான்கு மாதம் இருந்தது. என் மனைவி நன்றாகத் தைப்பாள். தலையணையும் உறையும் தைத்து அங்கேயே விற்கிறேன் என்று தையல் மிஷினைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் போட்டாள். என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. சுருக்கென்று இருந்தது. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்காருவது? எப்படியாவது அவளோடு ஒட்டிக்கொள்ளத் தவித்தேன்.

"நானும் சேந்துக்கறேனே," என்றேன் ஒருநாள்.

"சேத்துக்கறதைப் பத்தி அப்புறம் பாப்போம். முதல்ல ஒரு வேலை இருக்கு." கடைக்கு வந்தவர்களின் போன் நம்பர் எழுதிய நோட்டை என் முன்னால் வைத்தாள். "வாங்காம போனவங்களுக்கு போன் போட்டு ஏன்னு கேளுங்க. எதிர்த்துப் பேசக்கூடாது. சொல்றதை அப்படியே எழுதணும்."

"வாங்காதவங்ககிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"வாங்கினவங்க பூரா நம்ம சொந்தக்காரங்களாச்சே!"

போனை எடுத்தேன்.

"முக்கால் மணி நேரம் முதுகெலும்பைப் பத்தியே பேசினீங்க சார். நின்னு கேட்டதுல எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு," என்றார் ஒருவர். "மாமனார் முன்னாடி படுத்துக் காட்டச் சொன்னீங்களே, எனக்கு மானமே போச்சு," என்றாள் ஒரு பெண். விடுதியில் தங்கும் மகனுக்குச் சுருட்டி எடுத்துப்போகிற மெத்தை கேட்டு வந்தாராம் ஒருவர். அதில் படுத்தால் பையனும் சுருண்டுபோவான் என்று விரட்டினேனாம். எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. என்ன ஆளப்பா நான்!

பதினோராவது ஆள் ஒரு பஸ் டிரைவர்.

"எங்கம்மாவுக்காகக் கேட்டேன் சார். படுத்த படுக்கையா இருக்காங்க. கெட்டியா இருந்தா புண்ணாகுது, மெத்துனு வேணும்னு மூணு தடவை சொன்னேன். அதெல்லாம் தப்புன்னு அனுப்பிட்டீங்க."

சிரிப்பு நின்றது. மூன்று தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் முகம்கூட நினைவில்லை. வெட்கமாக இருந்தது. ஏதோ ஒரு சமாதானம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன்.

"அம்மா எந்தப் பக்கம் படுத்தா நல்லா தூங்கறாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பேச ஆரம்பித்தார். இடது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். குதிகால் எதிலும் படக்கூடாது. முழங்கால்களுக்கு நடுவே ஏதாவது வைத்தால் நழுவி விழுகிறது. இருபது நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. என் சரித்திரத்திலேயே அது சாதனை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை வாங்கிப் படித்தாள்.

"நழுவாம இருக்க, சின்னத் தலையணைக்கு ரெண்டு பக்கமும் நாடா வச்சுத் தைக்கலாம். அகலம் எவ்வளவு வேணுமாம்?"

"தெரியல. நேர்ல போய்க் கேக்கணும்."

"கிளம்புங்க, ரெண்டு பேரும் போவோம்."

ஊரின் மறுமுனையில் இருந்தது டிரைவரின் மாடி வீடு. கட்டிலில் அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். மகன் யார் வந்திருப்பது என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்தக் கெட்டி மெத்தைக்காரன்?"

"நான்தாம்மா," என்றேன். வேறென்ன சொல்வது?

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அது பழைய கதைம்மா. இப்ப எங்க கடையில அளவெடுக்கறது இவருதான்."

எங்க கடை என்றாள். என் காதால் கேட்டேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. கட்டிலருகே மண்டியிட்டு, "எங்கே வலிக்குதும்மா, சொல்லுங்க," என்றேன்.