பாதி ஜன்னல்

1

இந்தக் கதை 1964-இல் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. கடையில் 'ஒரே விலை' என்று பலகை தொங்கியது. பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவனுக்கு அந்தப் பலகை ஒரு அவமானம். அரை மணி நேரம் வாதாடினேன். கடைக்காரர் ஒரு காசு குறைக்கவில்லை. அதற்குப் பதிலாக இதைச் சொன்னார். கொசுறாக வருகிற சாமானில் ஏதாவது பழுது இருக்கும். இதில் முடிவு இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அரிமளம் சாலையில் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை நிற…'

அடித்துவிட்டேன். புழுதியோடு தொடங்கும் கதைகளை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நேராகவே சொல்கிறேன்.

1957, தை மாதம். ஜவுளி வியாபாரி கண்ணப்பன், சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரனிடம் சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கினார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரே ஒரு ஜன்னல். உல்லாசமாக ஊர் சுற்றுவதற்கென்று செய்தது. கண்ணப்பன் வாங்கியது மனைவி பொன்னம்மாளை வைப்பதற்கு.

அவளுக்குக் காசநோய். எட்டு நாளில் ஒரே மகள் நாச்சம்மைக்குக் கல்யாணம். பெண்ணின் தாய் வயிற்று ஆபரேஷனுக்காகப் பட்டணத்தில் படுத்திருக்கிறாள் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. உண்மை தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். ஆகவே, ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைப் புளியந்தோப்பு.

(கண்ணப்பனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. இரண்டு வேளையும் அவரே கஞ்சி தூக்கிக்கொண்டு நடந்தாராம்.)

3

டிரைவர் சவரியப்பன் ஜீப்பை விட்டு இறங்கி, தோப்பை ஒருமுறை பார்த்தான்.

"மொதலாளி, இத ரிவர்ஸ்ல விடுறது லேசு இல்ல. நான் இங்கிட்டு ஒடிச்சா அது அங்கிட்டுப் போகும். புது மாப்ள முறுக்கு. எங்கிட்டுப் பாத்து நிக்கணும்னு மொதல்லயே சொல்லிப்புடுங்க."

"கண்மாயப் பாத்து."

உள்ளேயிருந்து பொன்னம்மாளின் குரல் வந்தது. "ஜன்னல் ரோட்டப் பாக்க நிக்கட்டும்."

"எதுக்கு?"

"புள்ள கல்யாணம் முடிஞ்சு இந்த வழியாத்தானே கார்ல போகும். ஒரு தடவ பாத்துக்கிடுறேன். வேற ஒண்ணும் கேக்கல."

"சம்பந்தி வீட்டு ஆளுக ஒன்னையப் பாத்துட்டா?"

"முக்காட்டப் போட்டுக்கிடுறேங்க."

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணப்பனுக்கு முப்பது வருஷமாகக் கடைதான் காது. பத்து கேட்கிறவனுக்கு ஐந்து போதும் என்றே அந்தக் காது பழகியிருந்தது. இது பொன்னம்மாளுக்கும் தெரியும். மணவறைக்கு வருவேன் என்று தொடங்கி, அழுது, இறங்கி, ஜன்னலில் வந்து நின்றிருக்கலாம். அவ்வளவு பேச அவளுக்கு மூச்சு இல்லை. எடுத்த எடுப்பிலேயே கடைசி விலையைச் சொல்லிவிட்டாள்.

அவர் பழக்கத்தில் பாதியாக்கினார்.

"சரிப்பா. பாதி திருப்பி நிறுத்து."

"பாதின்னா?"

"கொஞ்சம் ரோடு, கொஞ்சம் கண்மாய்."

"வண்டி நிறுத்துறதுலயுமா பேரம்? ஆச்சி பாவம், மொதலாளி."

"ஒன்னைய வண்டி ஓட்டத்தான் கூப்பிட்டேன்."

4

மூன்று தடவை ஜீப்பும் டிரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொண்டன. நாலாவது தடவை கோணலாகப் போய் நின்றது. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு புளியமரம்.

"ரோடு தெரியுதா?" என்று வெளியிலிருந்தே கேட்டார் கண்ணப்பன்.

"தெரியுது."

(இந்த 'தெரியுது'வை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவள் பொய்தான் சொல்கிறாள்.)

5

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய காரை ஓட்டியவன் சவரியப்பன். அந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அவன் வேண்டுமென்றே தோப்போரம் காரை நிறுத்தி, இன்ஜினில் ஏதோ கோளாறு என்கிறான். ஆசையாகத்தான் எழுதினேன். ஆனால் காரில் பெண்ணின் பக்கத்தில் மாமியார் இருக்கிறாள். இறங்கித் தோப்பைப் பார்த்துவிடுவாள்.

கார் கடக்கிற அந்த நேரம் பார்த்துப் பொன்னம்மாளுக்கு இருமல் வருகிறது. வேண்டாம். இதை எழுதியவன் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

'நாச்சம்மை குனிந்த தலையைத் தூக்கி, தோப்புப் பக்கம்…'

6

கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான். கார் போன பிறகு கண்ணப்பன் கஞ்சியோடு போனார். பொன்னம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் முதல் தடவையாக அந்த ஜன்னல் அருகே குனிந்து வெளியே பார்த்தார். புளியமரத்துப் பட்டை. அதில் எறும்பு. அதற்கு அப்பால் ஒரு கார் நீளத்துக்கு ரோடு. மாட்டுவண்டி ஒன்று போயிற்று. எண்ணிப் பார்த்தார். மூன்று எண்ணுவதற்குள் மறைந்துவிட்டது. அது மாட்டுவண்டி.

அந்தியில் திரும்பி வந்த சவரியப்பனிடம், "டிரெய்லர நேரா ரோட்டப் பாக்க நிறுத்துப்பா" என்றார்.

"இப்ப எதுக்கு மொதலாளி?"

இந்த இடத்தில் கடைக்காரர் நான் எடுத்த வேட்டியை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"அந்த அம்மா மகளப் பாத்தாகளா?" என்றேன்.

"நான் கேக்கலிங்க" என்றார். "அவ சித்திரை வரைக்கும் இருந்தா. கேக்கல."

பலகையை இன்னொரு தடவை பார்த்தேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

முடிவு உங்களுடையது. பார்த்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். பாதி பார்த்தாள் என்று மட்டும் வேண்டாம்.