மாரிக்குப்பத்து சென்டர் ஃபார்வர்டு

உலகத்தில் கால்பந்து பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தம் எண்ணூறு பேர். அத்தனை பேரும் கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில் இருக்கிறார்கள். ஒருவன் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பி.ஏ. படிப்பதற்காகக் கோயமுத்தூரில் தங்கியிருந்தான். அவன் நான்.

என்னிடமிருந்து அந்த ஊர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் ஹாஸ்டல் அறைத்தோழன் லட்சுமணசாமி என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் மைதானத்துக்கு மிதிப்பான். அன்னூரில் தோட்டம் உள்ள நாயுடு வீட்டுப் பிள்ளை. அவனுடைய மாமா அந்த மில்லில் லேபர் ஆபீசர். மில் டீமும் அவர் பொறுப்பு. ஷிப்டு விட்டு நேராக வந்தவர்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கக் கோட்டோரம் நிற்பார்கள். பந்து உயரப் போனால் போதும், கை தட்டுவார்கள். அது எங்கே போகிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை. எதிரணி கோல்கீப்பரைக்கூட இந்த ஊரால் மரியாதையாகத்தான் திட்ட முடிந்தது. "ஏனுங்க, அந்தப் பந்த உட்டுப்போட்டாத்தான் என்னுங்க?" என்று ஒருவர் கெஞ்சியதை இரண்டு காதாலும் கேட்டேன். மாரிக்குப்பத்தில் கோல்கீப்பரின் பாட்டனிலிருந்து ஆரம்பிப்போம்.

லட்சுமணசாமி இவர்களையும் மிஞ்சியவன். மில் டீமுக்குப் பெனால்டி கிடைத்தால் சடாரென்று மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வான்.

"நான் பாத்தா உள்ள போகாதுங்க."

"நீ பாக்கலன்னு பந்துக்கு யாரு போய்ச் சொல்றது?"

"சிரிக்காதீங்க. போன வருசம் கருமத்தம்பட்டிக்காரங்களோட ஆடறப்பப் பாத்துப்போட்டேன். கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சு. மாமா ரெண்டு நாளு சோறு திங்கல."

நான் அவனை நீ என்பேன், அவன் என்னை நீங்க என்பான். அது அவன் ஊர் வழக்கம். எனக்கு நியாயமாகவே பட்டது. ஆறு மைல் சைக்கிள் மிதித்து வந்து, முக்கியமான நொடியில் ஆட்டத்துக்கு முதுகு காட்டும் இந்த ஜீவனைப் பற்றி ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினேன். மெஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். லட்சுமணசாமியும் சிரித்தான், பிழை இரண்டு இருப்பதாகச் சொன்னான்.

இப்படிப்பட்டவர்களிடம் என் அண்ணன் ஜெபமணியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது பாவம். சொன்னேன். சென்டர் ஃபார்வர்டு என்றேன். அவன் அடித்த பெனால்டியில் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்றேன். கடைசியாகச் சொன்னது சத்தியம். அவன் பெனால்டியே அடித்ததில்லை. அவன் ரைட் பேக், பின்னால் நின்று தடுக்கிறவன்.

லட்சுமணசாமி மாமாவிடம் சொன்னான். மாமா அண்ணனுக்குக் கடிதம் போட்டார். மில்லுக்கு ஒரு சென்டர் ஃபார்வர்டு தேவை. வரும் ஞாயிறு ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினால் டைம் ஆபீசில் வேலை. மில்களில் அப்போது அப்படித்தான். காலைப் பார்த்துக் கைக்கு வேலை கொடுத்தார்கள்.

அண்ணன் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"இன்னாடா சொல்லி வெச்சிருக்க? என்னப் போயி ஃபார்வர்டுன்றாங்க?"

"கொஞ்சம் முன்னாடி தள்ளி நின்னாப் போச்சுண்ணே."

அவன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "சம்பளம் கம்மின்னாலும் பரவால்ல, மேல வேலைன்னா சரின்னு சொல்லிட்டு வாங்கன்னா உங்க அண்ணி" என்றான்.

அண்ணன் தினமும் சுரங்கத்துக்குள் இறங்குவது ஆறாயிரம் அடி. உள்ளே பாறை அதிரும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் பாத்திரங்கள் குலுங்கும். அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். அவன் நடந்து வருவது கண்ணில் படும்வரை அங்கேயே நிற்பாள். இதை நான் ஹாஸ்டலில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஞாயிறன்று பொள்ளாச்சி டீமோடு ஆட்டம். அண்ணனை முன்னால் நிறுத்தினார்கள். எதிரி பந்தோடு வந்தபோதெல்லாம் அவன் கால் தானாக நம் கோலை நோக்கி ஓடியது. போய் அழகாகத் தடுத்தான். மூன்று முறை தடுத்தான். மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அந்தத் தங்கவயல் தம்பி எதுக்குடா எப்பப் பாத்தாலும் நம்ம கோல்கிட்டயே நிக்குது? பேக்குத்தான் நம்மகிட்ட நாலு பேரு சும்மா கெடக்கறாங்களே!"

"ரயில்ல வந்த அலுப்புங்க மாமா" என்றான் லட்சுமணசாமி. என் பக்கம் திரும்பவில்லை. எனக்காக அவன் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. மோசமாகவே சொன்னான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பொள்ளாச்சிக்காரன் ஒருவன் கையால் பந்தைத் தட்ட, மில் டீமுக்குப் பெனால்டி. கேப்டன் சென்னகிருஷ்ணன் பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

"ஏப்பா சென்னகிருஷ்ணா, தம்பிகிட்டக் குடு!" என்று மாமா கத்தினார். "பெனால்டில அது ஒண்ணுகூட உட்டதில்லையாமா! இதயாச்சும் அடிக்குதா பாப்போம்!"

கோட்டோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் பந்தை வாங்கினான். கூட்டத்தில் என்னைத் தேடினான், கண்டுபிடித்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது என்னடா செய்யலாம் என்று கேட்கிற முகம். பந்தை வைத்தான். குனிந்து மறுபடி சரிசெய்து வைத்தான். வெறுங்காலில் சுற்றியிருந்த துணியை இழுத்துக் கட்டினான்.

லட்சுமணசாமி ஏற்கெனவே திரும்பியிருந்தான். அரை அடி நகர்ந்தான்.

நானும் திரும்பி அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

எதிரே கடலைக் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ அளந்து கொட்டப் போனவள், எங்கள் இருவருக்கும் நடுவே கழுத்தை நீட்டி மைதானத்தைப் பார்த்தாள். விசில் கேட்டது. கடலை நிறைந்த உழக்கு, காகிதப் பொட்டலத்துக்கு ஒரு சாண் மேலே, அப்படியே நின்றது.