அக்கரையில் சகாயசெல்வி

சகாயசெல்விக்குக் கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். அத்தனை வருடத்தில் ஊரை விட்டு வெளியே தங்கிய தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்த நான்கு தடவை போயிருக்கிறாள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஷிபாவைப் பார்க்க ஒரு தடவை போனாள். அங்கே இருந்த இரண்டு மாதமும் மகள் வீட்டு அடுப்படியிலேயே கழிந்தது. அதனால், லீவுக்கு வந்திருந்த ஷிபா ஒரு நாள் காலையில், "அம்மா, மலைப்பக்கம் ஒரு வீடெடுத்து நாலு நாளு இருந்துட்டு வருவோமா?" என்று கேட்டபோது அவளுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

"அங்க ஆருக்க வீட்டுல என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. சும்மா இருக்கதுக்கு."

"சும்மா இருக்கதுக்கு இம்புட்டு தூரம் போணுமா?" என்றார் உள்ளேயிருந்து ததேயுஸ்.

ததேயுஸுக்கு எழுபத்தொரு வயது. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கட்டுமரம் ஏறி, அறுபத்தெட்டில் விசைப்படகிலிருந்து இறங்கியவர். இறங்கிய பிறகும் விடிந்ததும் கரைக்குப் போய், யார் யாருக்கு என்ன மீன் பட்டது என்று விசாரித்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாயா இறங்கும். மலை என்பது அவரைப் பொறுத்தவரை கடலில் நின்று பார்த்து இடம் குறித்துக்கொள்கிற ஒரு அடையாளம். அதற்குள் போய் மனுஷன் தங்க முடியும் என்று அவர் யோசித்ததே இல்லை.

ஆனால் சகாயசெல்வி, கையிலிருந்த முருங்கைக்கீரையை முறத்தில் வைத்துவிட்டு, "போலாம் மக்கா" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படி ஒன்றைச் சட்டென்று சொல்கிறவள் அல்ல. அதனால் ததேயுஸும் கிளம்பினார்.

ஷிபாவின் கணவன் ஜெனோ காரை ஓட்டினான். குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதையில் கார் இறங்கி, ஓடு போட்ட ஒரு வீட்டு முன்னால் போய் நின்றது. வீடு மார்த்தாண்டத்தில் இருக்கும் ரெஜிலா டீச்சருக்குச் சொந்தம். ரிட்டயர் ஆன பிறகு அதை இப்படி வாடகைக்கு விடுகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் சமைத்துப் போடவும் அன்னக்கிளி என்றொரு பெண் இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி உடம்பு, உரத்த குரல். தை மாதம் ஆனதால் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன. முற்றம், பாதை, கார் எல்லாவற்றின் மேலும் சிவப்பும் மஞ்சளுமாகச் சருகு. வீட்டுக்குப் பின்னால் கல்படி இறங்கினால் கோதையாறு.

மறுநாள் காலை சகாயசெல்வி பழக்கத்தில் எழுந்து நேராக அடுப்படிக்குப் போனாள். அன்னக்கிளி புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அந்த உள்ளிய இஞ்ச தா, நான் அரிஞ்சு தாறேன்."

"அக்கா, வெளிய போயி இரியுங்க. இது எனக்க வேலையாக்கும்."

"சும்மா இருந்தா எனக்குக் கை குடையும்."

"குடைஞ்சா குடையட்டு. நாலு நாளுல்லா?"

வெளியே வந்தால் முற்றத்தில் ததேயுஸ் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க ஒரு சத்தமும் இல்லாததால் தூக்கமே வரவில்லையாம். காது அடைத்துப்போனது போல இருந்ததாம். பாவம் பார்த்து ஜெனோ தன் போனில் அலைச் சத்தம் ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"பொறவு ஒறங்கினியளா மாமா?" என்று கேட்டான் ஜெனோ.

"எப்படி மோனே ஒறங்குவேன்? அது எந்தக் கடலோ! ஒரே கணக்கா அடிக்குது, கிறுக்குப் பிடிச்சது போல."

சகாயசெல்வி சிரித்துக்கொண்டே கட்டன்சாயாவை வாங்கிக் குடித்தாள். தன் கையால் போடாத சாயா இத்தனை ருசியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் முப்பது வருடம் மீன் விற்றவள். விடிவதற்கு முன் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கித் தலையில் ஏற்றி, பஸ் பிடித்துத் தக்கலைச் சந்தைக்குப் போவாள். இரண்டு வருடத்துக்கு முன் முட்டுவலி வந்துதான் அதை நிறுத்தினாள்.

அந்த முட்டுதான் அவளை ஆற்றில் இறக்கியது. "வெள்ளத்துல நடந்தா முட்டுக்கு நல்லதும்மா, பாரம் தெரியாது" என்று ஷிபா நர்ஸ் குரலில் சொல்லி, அவள் கையைப் பிடித்துப் படி இறக்கினாள். அந்த இடத்தில் ஆறு பாறைகளுக்கு இடையில் அகன்று, ஒரு பெரிய முற்றம் போல அசைவில்லாமல் நின்றது. அடி மணல் தெரிகிற தெளிவு. நடுவில் மட்டும் பச்சை இருண்டு ஆளாழம் இருந்தது. சகாயசெல்வி நைட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை போனாள், முட்டு வரை போனாள், இடுப்பு வரை போனதும் நின்றாள்.

"ஏட்டி ஷிபா, எனக்க முட்டு எங்க போச்சு?"

"என்னம்மா?"

"வலிய காணல்ல பிள்ளே!"

அங்கேயே ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தாள். கடல் வாசலில் அடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆனாலும் முழங்காலுக்கு மேல் அவள் கடலில் இறங்கியதில்லை. படகு கரை ஏறும்போது மீனை வாங்கக் கால் நனைத்ததோடு சரி. அவளோடு வளர்ந்த பெண்களும் அப்படித்தான். கடல் ஆண்கள் வேலைக்குப் போகிற இடம். ஆபீஸ்காரன் பெண்டாட்டி ஆபீசுக்குள்ளே போய் நாற்காலியில் உட்காருவாளா என்ன?

மத்தியானம் அவள் படியில் உட்கார்ந்திருந்தபோது அன்னக்கிளி பாத்திரம் கழுவ இறங்கி வந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, படியில் இறங்குகிற மாதிரியே தண்ணீருக்குள் இறங்கி நீந்தத் தொடங்கினாள். ஆளாழத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனாள். அங்கே நின்ற பலாமரத்தில் ஒரு கொப்பை ஒடித்தாள். அதை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நீந்தித் திரும்பி வந்தாள். தண்ணீர் அதிகமாகச் சலசலக்கக்கூட இல்லை.

"ஆட்டுக்குத் தழை" என்றாள், மூச்சுக்கூட வாங்காமல். "இக்கரையில நல்ல பிலாவு இல்ல."

சகாயசெல்வி எழுந்தே விட்டாள். "நீ இத எப்பம் படிச்ச?"

"நடக்கப் படிச்சப்பம் இதையும் படிச்சிருப்பேன். ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? கடப்புறத்துக்காரி இல்லியா நீங்க!"

சாயங்காலம் எல்லோரும் முற்றத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுத் துவையலுமாக உட்கார்ந்திருந்தபோது சகாயசெல்வி சொன்னாள்: "எனக்கு நீச்சல் படிக்கணும்."

ஷிபா சிரித்தாள். ஜெனோ சிரித்தான். எல்லோரையும் விட நீளமாகச் சிரித்தவர் ததேயுஸ். சிரிக்காதவள் சகாயசெல்வி ஒருத்திதான். சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது.

"அன்னக்கிளி சொல்லித் தாறேன்னு சொன்னா" என்றாள்.

ததேயுஸ் கையிலிருந்த மரச்சீனித் துண்டைக் கீழே வைத்தார். "ஏட்டி, கடல்ல கெடந்தவனுக்க பெஞ்சாதி மலையில வந்து நீச்சல் படிச்சான்னா ஊருல என்னைய என்ன சொல்லுவினும்?"

"அப்பம் நீங்க சொல்லித் தாருங்க."

இப்படி மாட்டிக்கொள்வோம் என்று அவர் நினைக்கவில்லை. மறுநாள் காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். அவர் படகில் காற்றையும் எஞ்சினையும் மீறிக் கத்திப் பழகியவர். வேறு மாதிரி சொல்லித்தர அவருக்குத் தெரியவில்லை.

"கையப் போடு! காலப் போடு! தலையத் தூக்காத! ஏட்டி, தலையத் தூக்காதேன்னா!"

சகாயசெல்வி கையையும் காலையும் போட்டாள். தலை தண்ணீருக்குள் போனது. தலையைத் தூக்கினாள், கால் போய் மணலில் குத்தியது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். மரத்தில் இருந்த நாகணவாய்கள்கூட அவர் கத்தலுக்குப் பறந்துபோயின.

"எனக்க அப்பன் என்னைய வள்ளத்துல இருந்து தூக்கிப் போட்டாரு. நான் நீந்தினேன். அம்புட்டுதான் படிப்பு!"

"என்னையும் தூக்கிப் போடப் போறியளா?"

"உன்னையத் தூக்கணும்னா இப்பம் நாலு பேரு வேணும்."

படியில் இருந்த ஜெனோ அதற்குச் சிரித்திருக்கக் கூடாது. சகாயசெல்வி கரையேறினாள். நைட்டியைப் பிழிந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் ததேயுஸோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு அணைமீன் குழம்பு வந்தது. அதில் மண்வாடை அடித்தது. ஆனாலும் வேண்டுமென்றே "நல்லாருக்கு அன்னக்கிளி" என்று அன்னக்கிளியிடம் மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ததேயுஸ் நின்றுகொண்டிருந்தார். படியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அன்னக்கிளி அவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையையும் தண்ணீருக்கு அடியில் ஏந்திக் காட்டி, "இப்பிடியா?" என்று கேட்டார்.

"அம்புட்டு பிடிக்கப்பிடாது. முதுகுக்கு அடியில கை இருக்குன்னு அவியளுக்குத் தெரிஞ்சா போதும். பொறவு, வாயத் தொறக்காதிங்க. அதாக்கும் முக்கியம்."

"செரி" என்றார் ததேயுஸ், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

சகாயசெல்விக்குப் பிரஷ் வாயிலேயே நின்றது. யார் சொல்லியும் கேட்காத மனுஷன். மீன்பிடித் துறையில் அதிகாரியிடம்கூடக் கையைக் கட்டி நின்றதில்லை. அவர் ஒரு சமையல்காரியிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் ஈரச் சாரத்தோடு வாசலில் வந்து நின்றார். "ஏட்டி, வா. நான் வாயத் தொறந்து மிண்ட மாட்டேன்."

அவள் இறங்கினாள். மல்லாக்கச் சாய்ந்தாள். முதுகுக்கு அடியில் அவருடைய கை வந்தது. கயிறு இழுத்துக் காய்ப்பேறிய, பலகை போன்ற கை. காதுகள் தண்ணீருக்குள் போனதும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுபோனது. மேலே ரப்பர் கிளைகளும், அதற்கு மேலே நீலமும், ஒன்றிரண்டாகச் சுழன்று இறங்கும் சிவப்பு இலைகளும் மட்டும் தெரிந்தன. ததேயுஸின் முகம் அவள் மேல் குனிந்திருந்தது. உதட்டை இறுக்கி மூடி, கண்ணால் கேட்டார்: எடுக்கட்டா? அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

கை போனது. உடனே மூழ்கினாள். அவர் தூக்கி நிறுத்தினார், ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சாய்ந்தாள், மறுபடி மூழ்கினாள். மூன்றாவது தடவை கை போனது தெரிந்தும் அவள் பயப்படவில்லை. மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அதிசயம். முப்பது வருடம் தலையில் மீன் சுமந்து பஸ் ஏறிய உடம்பு, வீட்டைச் சுமந்தது, பிள்ளையைச் சுமந்தது. இன்றைக்கு அதை ஆறு சுமந்துகொண்டிருந்தது.

"மெதக்கியா! ஏட்டி, மெதக்கிய நீ!"

வாக்கு கொடுத்ததை மறந்து ததேயுஸ் கத்திவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய் திறந்தது, தண்ணீர் புகுந்தது, மூழ்கினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார்கள். படியில் நின்ற ஷிபா போனில் படம் எடுக்கப் போய், எடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு முழுக்க ஆற்றில்தான். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்தது. கையைத் துழாவிக் காலை உதைத்து முன்னால் நகர அன்னக்கிளி சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் பாறையிலிருந்து படிக்கு, படியிலிருந்து பாறைக்குத் தானாகப் போய் வந்தாள். அந்த ராத்திரி ததேயுஸ் எந்த அலைச் சத்தமும் இல்லாமல் குறட்டை விட்டுத் தூங்கினார் என்று காலையில் ஜெனோ சொன்னான்.

அன்று மத்தியானம் கிளம்ப வேண்டும். ஜெனோ காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எந்தப் பையை எங்கே வைப்பது என்று ததேயுஸ் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அம்மாவக் காணல்லியே" என்று ஷிபா கேட்டபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். நேராகப் பின்பக்கம் நடந்து, படியின் தலைமாட்டில் போய் நின்றார்.

சகாயசெல்வி அக்கரையில் இருந்தாள்.

பலாமரத்துக்குக் கீழே ஒரு பாறையில், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தாள். அன்னக்கிளி ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"நீந்தியா போன?" என்று கேட்டார் ததேயுஸ்.

"பின்ன பறந்தா வந்தேன்? அன்னக்கிளி கூடவே வந்தா. கையப் பிடிக்கல்ல."

"எனக்குக் காட்டாம போய்ட்டியே!"

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளைக்குப் பண்டம் கொடுக்காமல் தின்றுவிட்டது போல. "திரும்பி வரும்போ பாருங்க" என்றாள்.

"செரி, வா. காரு நிக்குது."

"இப்பம் வரல்ல. நீங்க வாருங்க."

"சட்டையெல்லாம் போட்டாச்சுட்டி. இஸ்திரி போட்ட சட்டையாக்கும்."

"கழத்துங்க."

ததேயுஸ் ஒரு கணம் காரைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தார். பிறகு எழுபத்தொரு வயது மனுஷன், வேட்டியோடு குதித்தார். எட்டே வீச்சில் அக்கரை சேர்ந்து, பாறையில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இக்கரை அங்கிருந்து பார்க்க வேறு இடம் போலத் தெரிந்தது. ஓட்டு வீடு, கல்படி, மடித்து வைத்த வெள்ளைச் சட்டை.

"கொள்ளாம், நல்ல இடம்" என்றார்.

"ம்" என்றாள்.

ஜெனோ ஹாரன் அடித்தான். ஷிபா படியில் இறங்கி வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அப்பா! நீங்களுமா?"

ததேயுஸ் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, நடுக்கடலிலிருந்து பக்கத்துப் படகைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்:

"மக்கா! இன்னும் ரெண்டு நாளு வீடு கெடைக்குமான்னு அந்த டீச்சர்ட்ட ஒண்ணு கேளு!"

ஷிபா ஏற்கனவே போனைக் காதில் வைத்திருந்தாள்.