எண்பத்தெட்டுக்கு ஒரு விளக்கவுரை

சபையின் புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் பைபிளின் சங்கீதங்களைப் படிக்க ஒரு விளக்கவுரை வேண்டும். தேர்ந்தெடுக்கும் வேலை கணக்கு டீச்சர் தலையில் விழுந்தது. புத்தகக் கடைக்காரர் தலையணை போல மூன்றைக் கட்டிக் கொடுத்து, "ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுங்கக்கா" என்றார்.

டீச்சர் எந்த விளக்கவுரையையும் முதல் பக்கத்தில் திறக்கமாட்டார். நேரே எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்குப் போவார். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ துதியில் கரையேறிவிடும். இது இருட்டிலேயே முடியும். அங்கே உரைகாரர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

அந்தச் சோதனையைப் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் செய்துவந்தார்கள். டீச்சர் உரக்க வாசிப்பார். மருந்துக்கடைக்காரரான கணவர் ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்பார். பிடிக்காவிட்டால் "ம்க்கும்" என்று கனைப்பார். பிடித்துவிட்டாலோ, வாசித்து முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். பாராட்டே அவ்வளவுதான், மகா கஞ்சம்!

அவர் செத்து ஒரு வருடமாகிறது. அந்த நாற்காலியிலிருந்து வரும் கனைப்பு மட்டும் நிற்கவில்லை. டீச்சர் மகளிடம்கூட இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மட்டமான விளக்கவுரைகளாகத் தேடித் தேடி வாசித்தார். கனைக்கிறவரை மனுஷன் வீட்டில் இருக்கிறார் அல்லவா?

முதல் புத்தகம் எண்பத்தெட்டிலும் வரிக்கு வரி விடியலைக் காட்டியது.

"ம்க்கும். இவன் வீட்ல சாவே விழல போல."

டீச்சர் சிரித்துவிட்டார். இரண்டாவது, சொற்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்ததில் அழுதவனையே மறந்திருந்தது. "ம்க்கும். மருந்துச் சீட்டைப் படிக்கிறான், நோயாளியப் பாக்கல."

மூன்றாவது உரைகாரர் இப்படித் தொடங்கியிருந்தார்: 'இங்கே வெளிச்சத்தைத் தேடினேன். இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.' கனைப்பு வரவில்லை. டீச்சர் மேலே வாசித்தார். நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது, ஒருவர் எழுவதற்கு முன் கிறீச்சிடுவது போல.

படக்கென்று புத்தகத்தை மூடினார். இதை முடித்தால் அவர் போய்விடுவார். கூட்டத்துக்கு முதல் புத்தகமே போதும் என்று மற்ற இரண்டையும் கட்டி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் கேக் கடைப் பெண் வந்தாள். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த பிறகு அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

"டீச்சரக்கா, சங்கீதம் படிக்கப் போறீங்களாமே. எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்ற புத்தகமா இருந்தா நான் வரலக்கா. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு."

டீச்சர் நாற்காலியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த முதல் புத்தகத்தைப் பார்த்தார். இவளிடம் போய் அந்த விடியலை எந்த வாயால் வாசிப்பது? கட்டை அவிழ்த்து மூன்றாவதை எடுத்தார்.

"உக்காரும்மா. வாசிக்கிறேன்."

இந்த முறை நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பாதியிலேயே அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் நடையைக் கடந்தது. டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை, நிமிர்த்தினால் கூப்பிட்டுவிடுவார்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"யாருக்கா வெளியே போறது?"

"என் வீட்டுக்காரர்ம்மா" என்றார் டீச்சர். அதற்குப் பிறகுதான் அவருக்கும் அழுகை வந்தது.