வெங்காயத்தோடு வதங்கிய பூசணி

அன்று பூனையின் தட்டில் பூசணியை வைத்தது நானா, அக்காவின் கணவரா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான்தான் என்கிறாள் அக்கா.

நான் அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் அவள் பூனைக்காக ஒரு பட்டியல் ஒட்டியிருந்தாள். வேகவைத்த கேரட், வெள்ளரி, வேகவைத்த பூசணி கொடுக்கலாம். திராட்சை, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. எங்கள் சட்டியில் இருந்ததும் வெந்த பூசணிதான். ஆனால் வெங்காயத்தோடு வதக்கியது.

மூன்றாம் நாள் பூனை சுருண்டு படுத்துவிட்டது. ஈறுகள் வெளுத்திருந்தன. மருத்துவர் எங்கள் மூவரையும் பார்த்து, "என்ன சாப்பிட்டுச்சு?" என்றார்.

"பூசணி மட்டும்தான் டாக்டர்," என்றேன்.

"வெறும் பூசணியா?"

நான் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மச்சான் சுவரில் இருந்த நாய்ப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சட்டிக்குப் பக்கத்தில் அவரும்தானே நின்றார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயைத் திறடா," என்றாள் அக்கா. "நீ உம்முன்னு இருந்தா அதுக்கு என்ன மருந்து குடுப்பாங்க?"

"நீ பூசணி குடுக்கலாம்னுதானேக்கா எழுதியிருந்த?"

"ஆமா, அறிவையும் எழுதி ஒட்டியிருக்கணும். மறந்துட்டேன்."

"வெங்காயம் போட்டு வதக்கினது டாக்டர்," என்றேன் கடைசியில். அவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பூனை ஆறு நாளில் பிழைத்து வீடு திரும்பியது. அக்கா என்னோடு பேச ஒரு மாதமானது. மச்சான் அதன் பிறகு சமையலறைப் பக்கமே வரவில்லை. நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.