மாமாவிடம் கேட்காத கேள்வி

டாக்டர் கேட்ட கேள்வியை மாமாவிடம் சொல்லாமல் நானே பதில் சொன்னேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

என் மாமனார் இருளப்பன் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். அவருக்கு நெஞ்சு தாறுமாறாகப் படபடக்க ஆரம்பித்ததும், கண்டி கிளினிக்குக் கூட்டிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பல்லேகல கார்மென்ட் ஃபேக்டரியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் தெரியும். "வாயுள்ள புள்ள பொழைக்கும், யசோதாவே போகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, உள்ளே இரத்தம் கட்டினால் மூளையை அடைத்துவிடும், உறையாமலிருக்க மாத்திரை தர வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார் டாக்டர். இதையெல்லாம் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். பிறகு டாக்டர், "வயிற்றால் அடிக்கடி போகிறதா? அதோடு இரத்தம் போகிறதா?" என்று கேட்டார்.

மாமா முன்னால் நான் கதிரையில் உட்கார்ந்ததில்லை. போதாததற்கு எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அங்கம்மா பின்னால் வரிசையில் நின்றாள். இதை அவரிடம் எந்த வாயால் கேட்பது?

"இல்லை" என்றேன், மாமா பக்கம் திரும்பாமலே.

தெரியாமல் சொல்லியிருந்தாலாவது மன்னிக்கலாம். குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவாத மனிதர், பல மாதமாக விடியுமுன் பீலியில் கொட்டும் தண்ணீரில் தான் உடுத்திய சாரத்தைத் தானே அலசிக்கொண்டிருந்தார். ஒருநாள் கொடியில் கிடந்த சாரத்தில் பழுப்புக் கறையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.

மாத்திரை தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் மாமா கக்கூஸ் வாசலில் விழுந்து கிடந்தார். சாரமெல்லாம் இரத்தம்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். நாலாம் நாள் அதே டாக்டர் கட்டிலருகே வந்தார். பெருங்குடலெல்லாம் நாள்பட்ட அழற்சி, புண் என்றார்.

"இந்த வியாதி உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பும் தடுமாறலாம். தெரிந்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பேன். இந்த மாத்திரையை இப்படித் தொடங்கியிருக்கமாட்டேன். அன்று கேட்டதற்கு இல்லை என்றாரே?"

"அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவரிடம் கேட்கவே இல்லை" என்றேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இப்போது கேளுங்கள்" என்றார்.

வார்டு நிறைய ஆட்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மாமா, வெளிக்குப் போறப்ப எத்தன மாசமா இரத்தம் போகுது?"

மாமா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "போன தீவாளிக்கு முந்தியே தொடங்கிருச்சு" என்றார். கூரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அன்னைக்கு அவரு கேட்டது எனக்கும் வெளங்குச்சு தாயி. அந்தளவு சிங்களம் தெரியாமலா இத்தன காலம் இங்க கெடந்தேன்? நீ இல்லேன்னு சொன்னதும், மருமக நம்ம மானத்தக் காப்பாத்திட்டான்னு சந்தோசப்பட்டேன்."

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் கேட்டார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்த முறை ஒரு சொல் விடாமல் டாக்டரிடம் சொன்னேன், மாமா சந்தோஷப்பட்டதையும் சேர்த்து.