மயில் இறங்கிய ஓடுதளம்

திருச்சுழிக்குப் போய்வர இன்னொரு பஸ் விடுங்கள் என்று மனுக் கொடுத்தோம். நரிக்குடிக்கு அப்பால், இரண்டு மாவட்டங்கள் முட்டிக்கொள்ளும் எல்லையில், விமான நிலையம் கட்டிக்கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கும்பிட்டு வாங்கிக்கொண்டோம்.

விமானத்துக்கு முன்னால் மயில்கள் வந்து சேர்ந்தன. முள் இல்லாத தரையை இந்தச் சீமையில் அவை எங்கே பார்த்திருக்கும்? காலையிலேயே ஓடுதளத்துக்கு வந்து தோகை விரித்து ஆடின. விரட்டுவதற்கு உக்கிரபாண்டியை வேலைக்கு எடுத்தார்கள். பச்சைச் சட்டை, விசில், பை நிறைய வெடி. வீட்டில் பூனையைக்கூட அதட்டாத மனுஷன், சட்டையைப் போட்டதும் விமானியே தன்னிடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும் என்ற தோரணையில் நடக்க ஆரம்பித்தார்.

மேற்கே விரட்டக் கூடாது, அங்கே ‘ஏர்போர்ட் சிட்டி’ மனை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று மேலாளர் சௌந்தர் சொல்லிவிட்டார். ஆகவே கிழக்கே விரட்டினார். கம்பிவேலிக்குக் கிழக்கே இருந்தது உக்கிரபாண்டியின் சொந்தப் புஞ்சை. அவர் மனைவி தங்கலட்சுமி மழையை நம்பி விதைத்த குதிரைவாலி அதில் கதிர் பிடித்து நின்றது. அந்த வீட்டின் ஒரு வருஷத்துச் சோறு அது. சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த வெள்ளாமையில் மயிலை மேயவிட்டவர் உலகத்திலேயே எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான்.

“ஏங்க, ஒங்க மயிலு நம்ம கதிரத்தான் திங்குது. வேற பக்கம் பத்தக் கூடாதா?” என்று கேட்டாள் தங்கலட்சுமி.

“டூட்டில குடும்பத்தப் பாக்கக் கூடாது புள்ள. பெர்மனன்டு ஆகட்டும், பேசிக்கிருவோம்.”

அவள் மேலாளரிடமே போனாள்.

“மயில் தேசியப் பறவைம்மா. அதுவும் இது நம்ம மாவட்டத்து மயிலே இல்ல. அது அடையிற மரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கு. அந்த மாவட்டத்துல போய் மனுக் குடுங்க” என்றார் சௌந்தர்.

இரண்டு பஸ் மாறிப் போனாள். மேய்கிற இடம் எந்த மாவட்டமோ அங்கேதான் கேட்க வேண்டும் என்று அந்த மாவட்டத்துக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று தேசியப் பறவைக்கு அவள் வயலில் விருந்து வைத்துவிட்டு, இரண்டு மாவட்டமும் கை கழுவிக்கொண்டன.

முதல் விமானம் வருகிற நாள். மேளம், மாலை, பெரிய மனிதர்கள் எல்லாம் தயார். உக்கிரபாண்டி வெடியைக் கொளுத்தினார். மயில்கள் வேலியைத் தாண்டிக் கிழக்கே பறந்தன. வரப்பில் காத்திருந்த தங்கலட்சுமி ஒரு வெடியைக் கொளுத்தினாள். மயில்கள் ஓடுதளத்துக்கே திரும்பின. அவர் ஒன்று போட்டார், அவள் ஒன்று போட்டாள். முதலில் அவர் பைதான் காலியானது. பாதி வெடியை அவள் காலையிலேயே எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

மயில்கள் ஓடுதளத்தின் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்தன. மேலே வந்த விமானம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டது. மாலையோடு நின்றவர்கள் மாலையோடு நின்றார்கள்.

சௌந்தர் வேலிக்கு ஓடி வந்தார். “என்னம்மா இது? மயில உள்ள விரட்டுறீங்களே!”

“அது எம் மயிலு இல்ல சார். அது அடையிற மரம் அங்கிட்டு இருக்கு. அந்த மாவட்டத்துல போயி மனுக் குடுங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. குரலை இறக்கிக் கேட்டார். “சரிம்மா… அடுத்த விமானத்த எப்ப இறக்கலாம்?”

தங்கலட்சுமி ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் கசக்கி, ஊதிப் பார்த்தாள்.

“அறுத்துட்டுச் சொல்றேன்.”

இப்போது அருப்புக்கோட்டையிலிருந்து யாராவது போன் பண்ணி விமானம் எப்போது என்று கேட்டால், தங்கலட்சுமி இன்னும் அறுக்கவில்லை என்று பதில் வருகிறது. அந்தப் பதிலைச் சொல்வதற்கு உக்கிரபாண்டியை உட்கார வைத்திருக்கிறார்கள்.